நூறு கிலோவுக்குக் கீழே

ட்ரெலெவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கம்பளி ஆலையின் தகரக் கூரையைத்
தினம் ஒருமுறை பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போகும்.
பாயியா பிளாங்காவிலிருந்து பத்து மணி நேரம் பேருந்தில்
மடியில் ஒரு பெட்டியோடு வந்தேன்.
சோப்பு டப்பா அளவுதான்.
ஒரு பக்கம் ஒன்பது ஊசி, மறுபக்கம் ஈதர்நெட் துளை,
நடுவில் கொஞ்சம் பொறுமை.

எடைமேடை எண்பத்தேழில் வாங்கியது.
பேல் ஏறும், எண் ஒளிரும்,
எதிரே நிற்பவர் பென்சிலால் எழுதிக்கொள்வார்.
பதினைந்து மீட்டர் கம்பிக்குமேல் அதன் குரல் எட்டாது.
அலுவலகமோ நூற்றெண்பது மீட்டர் தள்ளி,
கழுவுதொட்டிகளையும்
ஆட்டுக் கொழுப்பின் நாற்றத்தையும் தாண்டி.

முதல் நாள் அது வாயே திறக்கவில்லை.
இரண்டாம் ஊசியை இரண்டாம் ஊசியோடு,
மூன்றை மூன்றோடு கட்டியிருந்தேன்.
வாயோடு வாய், காதோடு காது.
முத்தத்துக்கு ஆகும், பேச்சுக்கு ஆகாது.
மாற்றிப் பற்றவைத்தேன்.
வறண்ட காற்றில் கம்பளித் தூசி பறந்தபடி இருக்க,
பெட்டியைத் தொடும்போதெல்லாம் சுளீர் என்று ஒரு பொறி.
தரையிணைப்பு போட்டதும் அடங்கியது.

அப்புறம் பேசியது. என்ன பேச்சு!
கேள்விக்குறிகள், காலிக் கட்டங்கள்,
எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள்.
ஜுரக்காரன் உளறல்.
கையேட்டை எலி தின்று வருடங்கள் ஆகின்றன.
கணக்காளர் எலுனெட் ப்ரைஸ் மாத்தே குவளையை நீட்டி
"கோபமாக இருக்கிறதோ?" என்றார்.
கோபமில்லை, நான்தான் வேகமாகக் கேட்கிறேன்.
பத்தொன்பதாயிரத்து இருநூறு. உளறல்.
நாலாயிரத்து எண்ணூறு. வேறு உளறல்.
ஒன்பதாயிரத்து அறுநூறு, எட்டல்ல ஏழு பிட்,
இரட்டைப்படை பாரிட்டி.
சட்டென்று
381.5.
எலுனெட் கைதட்டினார்.
மேடைமேல் நிஜமாகவே ஒரு பேல் இருந்தது.

மறுநாள் முதல் மூன்று திரைகளில் அது பேசியது:
எலுனெட்டின் மேசையில்,
பியூனஸ் ஐரிஸ் தலைமையகத்தில்,
இத்தாலியில் நூல் நூற்பவர் ஒருவரின் அறையில்.
முந்நூற்று எழுபது, முந்நூற்றுத் தொண்ணூறு.
அதிகாலை மூன்று பத்துக்கு
எழுபத்தொன்று புள்ளி நான்கு.

இரைச்சல் என்று நினைத்தேன்.
தரையிணைப்பை மறுபடி பார்த்தேன், கம்பியின் கவசத்தைப் பார்த்தேன்.
அடுத்த இரவு மூன்று பன்னிரண்டு: எழுபத்தொன்று புள்ளி ஒன்று.
அதற்கடுத்த இரவு எழுபது புள்ளி எட்டு.
இரைச்சலுக்குக் கடிகாரம் தெரியாது.
இரைச்சல் இப்படி மெலிந்துகொண்டும் போகாது.

இரவுக் காவலர் எவரிஸ்தோ நவெல்கிர்
வாசலில் எனக்குக் கதவு திறந்துவிட்டார்.
பெல்ட்டில் ஆணியால் போட்ட புதுத் துளைகள், மூன்று.
மிச்சமிருந்த தோல்வார்
இடுப்பைச் சுற்றி முதுகுவரை போயிருந்தது.
"பெட்டி வேலை செய்கிறதா?" என்று கேட்டார்.
நன்றாக, என்றேன்.
அதற்குமேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இத்தனை வருடம்
எதிரே நிற்பவரிடம் மட்டும் சொல்லிவந்த இயந்திரம்.
அதை ஊரறியக் கூவ வைத்தது என் கை.
அன்று மாலை ஒரு விதி எழுதினேன்:
நூறு கிலோவுக்குக் கீழே எதுவானாலும்
அனுப்பாதே, பதியாதே.
பழைய மூன்று வரிகளையும் அழித்தேன்.

மேலாளர் கேட்டார்,
"சிறிய எடைகள் ஏதோ வந்தனவே, இப்போது காணோம்?"
"இரைச்சல். வடிகட்டிவிட்டேன்."
எலுனெட் குவளையிலிருந்து தலை நிமிரவில்லை.
அவரும் பார்த்திருக்கிறார், அந்த மூன்று வரிகளை.

பேருந்து கிளம்பியபோது மணி இரண்டரை.
மூன்று பத்துக்கு மேடையின் முகப்பில்
சிவப்பாக ஓர் எண் ஒளிரும், பழையபடி,
எதிரே நிற்பவருக்கு.
ஏறியதா இறங்கியதா, இனி எனக்கும் தெரியாது.
ஜன்னலில் காற்று அறைந்துகொண்டே வந்தது.